பரிசுக்குப் புத்தகம் அனுப்பப் பதினெட்டாயிரமா?

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சுருக்கித் தருகிறேன்.

"வக்கீலம்மாவுக்கு வணக்கம். நான் ஒரு பச்சைத் தேயிலைக் கொள்முதல் நிலையத்தில் கணக்கு எழுதுகிறேன். வரும் ஏப்ரலில் 35 வயது முடிகிறது. எங்கள் அம்மா பன்னிரண்டு வயதில் இலங்கைத் தோட்டத்தை விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இந்த மலைக்கு வந்தவர். அவர் சொன்னதையெல்லாம் வைத்து ஒரு நாவல் எழுதினேன். 2022 நவம்பரில் ஒரு பதிப்பகத்தோடு ஒரு பக்க ஒப்பந்தம் போட்டு, வளையலை அடகு வைத்து 45,000 ரூபாய் கொடுத்தேன். அதில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கு என்று 3,500. புத்தகத்தில் 'முதல் பதிப்பு: டிசம்பர் 2022' என்று இருக்கிறது. 500 பிரதியில் இருநூறுக்கு மேல் இன்னும் என் கட்டிலுக்கடியில்தான்.

இப்போது பதிப்பாளர், சாகித்திய அகாதெமி விருதுக்கு அனுப்பலாம், 18,000 ரூபாயும் 25 பிரதியும் கொடுங்கள் என்கிறார். தில்லியில் தெரிந்தவர் ஒருவர் 'பார்த்துக்கொள்வாராம்'. அந்த ஆளும் என்னோடு வாட்ஸ்அப்பில் பேசினார். நூல் பழசாகிவிட்டது, அதனால் தோட்டத்துப் பேச்சை நல்ல தமிழாகத் திருத்தி, 'முதல் பதிப்பு' என்று இந்த ஆண்டுத் தேதி போட்டு மறுபடி அச்சடிக்கலாம் என்றும் பதிப்பாளர் சொல்கிறார். பரிசு வந்தால் பாதி அவருக்காம். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஒரு பேராசிரியை கேட்டார். அந்த உரிமையும் தன்னுடையது என்கிறார். என் தாய்மாமாவோ, குடும்பக் கதையைச் சந்திக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. இளம் எழுத்தாளர் விருதுக்கும் வயது தாண்டிவிட்டது என்கிறார்கள். சங்கக் கடன் எடுத்தாவது அந்த 18,000-ஐக் கட்டிவிடலாமா?"

கட்டாதீர்கள். கடன் விண்ணப்பத்தை இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பணம் கேட்பவர் யார்?

சாகித்திய அகாதெமி 1954-இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம். தலைமையகம் புதுதில்லி பெரோஸ்ஷா சாலையில் உள்ள ரவீந்திர பவன். 24 மொழிகளில் ஆண்டுதோறும் விருது தருகிறார்கள். பிரதான விருது ஒரு லட்சம் ரூபாயும் செப்புப் பட்டயமும். ஒவ்வொரு மொழிக்கும் மூன்று நடுவர்கள் கொண்ட குழு இறுதி முடிவை எடுக்கும். அந்த மூவர் யார் என்பது முடிவோடுதான் வெளியே தெரியவரும். அப்படியிருக்க, "நம்ம ஆள் ஒருத்தர் கமிட்டியில இருக்கார்" என்று உங்கள் கைப்பேசிக்கு ஒருவர் செய்தி அனுப்புகிறார். அவர் பணம் அனுப்பச் சொன்னது அகாதெமியின் கணக்குக்கா? இல்லை, ஒரு தனியாளின் ஜிபே எண்ணுக்கு. அந்த ஆளின் கடிதம் என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிதத் தலைப்பில் அகாதெமியின் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரு நூலுக்காக ஆதரவு திரட்டியது நிர்வாகக் குழுவுக்கு உறுதியானால் அந்த நூல் தகுதி இழக்கும் என்பது அகாதெமியின் விருது விதியிலேயே உள்ளது. அந்த ஆள் போலியாக இருந்தால் உங்கள் 18,000 போகும். ஒருவேளை அவருக்கு நிஜமாகவே யாரையாவது தெரிந்திருந்தால், உங்கள் புத்தகமே போகும். எப்படிப் பார்த்தாலும் நட்டம் உங்களுக்குத்தான்.

உங்கள் பழைய தமிழாசிரியர் ஒரு மூத்த எழுத்தாளர் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார் என்றும் எழுதியிருந்தீர்கள். படிக்கச் சொல்லி ஒரு பிரதி கொடுப்பதில், மதிப்புரைக்குப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதில் ஒரு தப்பும் இல்லை. தாராளமாகச் செய்யுங்கள். "விருதுக்குச் சொல்லுங்க ஐயா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். படமெடுத்து வேறிடத்திலும் சேமியுங்கள். பணம் கட்டாத நிலையிலும் புகார் கொடுக்கலாம்; ஏமாற்றுதலுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு இருக்கிறது, அதற்கு முயல்வதும் குற்றமே. ஏற்கெனவே யாராவது பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் சொல்ல வேண்டும். அந்த ஆள் உங்கள் ஒருவரிடம் மட்டும் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் புத்தகம் போட்டவர்களைத் தேடிப் பிடிப்பவர்கள் இவர்கள். வளையலை அடகு வைத்துப் புத்தகம் போட்டவரிடம் வந்து மறுபடி பணம் கேட்கிறார்களே என்பதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்குப் பரிசு தருகிறது. அதற்கு விண்ணப்பப் படிவம் உண்டு, போட்டிக் கட்டணமாக ஒரு சிறு தொகையும் கேட்பார்கள். அது அறிவிப்பில் அச்சிட்டு வெளிப்படையாகக் கேட்கும் பணம். அறிவிப்பில் இல்லாத எந்தத் தொகையையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வயதும் தேதியும்

நீங்கள் மனம் உடைந்து எழுதியிருக்கும் இந்த இடத்தில்தான் உங்களுக்கு நல்ல சேதி இருக்கிறது.

அகாதெமியின் இளம் எழுத்தாளர் விருதான யுவ புரஸ்கார் 2011 முதல் தரப்படுகிறது. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். விருது ஆண்டின் ஜனவரி 1 அன்று வயது 35 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். முடிவு அறிவிக்கும் நாளில் உங்களுக்கு என்ன வயது என்று யாரும் பார்ப்பதில்லை. வரும் ஜனவரி 1 அன்று உங்களுக்கு 34 முடிந்து 35 நடந்துகொண்டிருக்கும். ஏப்ரலில் பிறந்தநாள் வந்தாலும் அந்த ஆண்டுக்கான தகுதி போகாது. ஆனால் அதற்கடுத்த ஆண்டை நம்பி இருக்காதீர்கள், இந்த முறையே அனுப்பிவிடுங்கள். எழுத்தாளரே நேரடியாக நூலை அனுப்பலாம், பதிப்பாளர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. எத்தனை பிரதி, கடைசி நாள் எது, நூலுக்கு வேறு நிபந்தனை உண்டா என்பதை அகாதெமியின் இணையதளத்தில் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். வயதுச் சான்றின் நகலைக் கட்டாயம் இணையுங்கள். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் உங்கள் பெயர் முன்னெழுத்து வேறு வேறாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். புத்தகத்தில் இருப்பது புனைபெயர் வேறு. மூன்றும் ஒருவரே என்று ஒரு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரியிலேயே முடியும் வேலைதான்.

பிரதான விருதுக்கு வயது வரம்பு கிடையாது. நூல் பழசாகிவிட்டது என்ற பேச்சும் சரியில்லை. 2024-ஆம் ஆண்டு விருதுக்கு 2018 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை முதன்முதலாக வெளியான நூல்களைப் பார்த்தார்கள். அதாவது விருது ஆண்டுக்கு முந்தைய ஓராண்டை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஐந்து ஆண்டுகள். இந்தக் கணக்கு மாறாத வரை 2022-இல் வந்த உங்கள் நாவல் 2028-ஆம் ஆண்டு விருது வரைக்கும் எல்லைக்குள் இருக்கிறது. அவசரமே இல்லை. அவசரப்படுத்துகிறவர்களுக்குத்தான் ஏதோ அவசரம்.

அந்த 'முதல் பதிப்பு' யோசனை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏற்கெனவே வந்த நூலில் புதுத் தேதி போட்டு 'முதல் பதிப்பு' என்று அச்சடிப்பது பொய். விதி கேட்பது முதன்முதலாக வெளியான ஆண்டை. மறுபதிப்பால் அந்த ஆண்டு மாறாது. பழைய பிரதிகள் இருநூறுக்கு மேல் வெளியே போயிருக்கின்றன. பதிப்பாளர் தன் கடமையைச் செய்திருந்தால், நூல் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் பிரதி போயிருக்கும். யாராவது ஒருவர் பழைய பிரதியை எடுத்து நீட்டினால் அவமானப்படப்போவது யார்? அட்டையில் இருப்பது உங்கள் பெயர்.

அடுத்து அந்த மொழித் திருத்தம். திருத்திய தாள்கள் என்று நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தையும் மேசையில் விரித்து வைத்துப் படித்தேன். உங்கள் நாவலின் தொடக்கத்தில், விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டு லயத்துச் சனங்கள் பெரட்டுக்குப் போகிறார்கள். அந்தப் 'பெரட்டு' அடிக்கப்பட்டு, சிவப்பு மையில் 'காலை வருகைப் பதிவு' என்று எழுதியிருக்கிறது. லயம் 'தொழிலாளர் குடியிருப்பு' ஆகிவிட்டது. காம்பரா 'அறை'. 'இன்னைக்குப் பேரு விழல' என்று அழும் பெண், திருத்திய தாளில் 'இன்று எனக்கு முழு நாள் கூலி பதிவாகவில்லை' என்கிறாள். அப்படி ஒரு பெண் எந்த மலையிலும் அழுததில்லை. உதகை நீதிமன்றத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வழக்கை நடத்தியிருக்கிறேன். சாட்சிக் கூண்டில் நின்று 'பேரு' என்று அவர்கள் சொல்லும்போது அந்த ஒரு சொல்லுக்குள் அரை நாள் கூலியும் கங்காணியின் கோபமும் இருக்கும். நான் இலக்கிய விமர்சகர் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தச் சொற்களை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 57-ஆம் பிரிவு, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ஆசிரியருக்கு இரண்டு உரிமைகளை விட்டுவைக்கிறது. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. தன் பெயருக்கோ மதிப்புக்கோ கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை இன்னொன்று. பதிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் நாலு வரி எழுதுங்கள்: "என் எழுத்துபூர்வ சம்மதமின்றி நாவலில் எந்தச் சொல்லையும் மாற்றவோ, முதல் பதிப்பின் தேதியை மாற்றி அச்சிடவோ கூடாது." அவ்வளவு போதும். கோபமாக எழுத வேண்டாம். அச்சுக்கூடத்துக்குப் போகும் முன்னால் அவர் கைக்குக் கிடைப்பதுதான் முக்கியம்.

நீங்களே விரும்பி ஒரு சொல்லகராதியை இரண்டாம் பதிப்பின் பின்னால் சேர்த்தால் அது வேறு விஷயம், நல்ல யோசனையும்கூட. அப்போதும் 'இரண்டாம் பதிப்பு' என்றே போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது

"இந்நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தைச் சாரும், வருமானத்தில் பாதி ஆசிரியருக்கு." உங்கள் ஒப்பந்தத்தில் உரிமை பற்றி இருப்பது இந்த ஒரே வரி. காலம் குறிப்பிடவில்லை, எந்த நாடு என்று இல்லை, மொழிபெயர்ப்பு என்ற சொல்லே இல்லை. நீங்கள் இதைப் படித்துவிட்டு எல்லாம் கைவிட்டுப் போனது என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படியில்லை.

உரிமை மாற்றத்தில் காலம் சொல்லப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இடம் சொல்லப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே எப்படிக் கணக்குப் போட்டாலும் 2027 நவம்பரில் அவர் உரிமை முடிகிறது. தனக்கு எழுதிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில், அந்த உரிமை காலாவதியாகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மொழிபெயர்ப்புக்கு அவர் இதுவரை ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. அந்த உரிமை உங்களிடம் திரும்பிவிட்டது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. இருந்தாலும் அவர் மறுத்து வழக்குப் போட்டால் இழுக்கும். அதனால் பேராசிரியையை மொழிபெயர்ப்பைத் தொடங்கச் சொல்லுங்கள். வெளியீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்தப் பதிப்பாளரிடமிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது வாங்குங்கள். மொழிபெயர்ப்பைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். இந்திய எழுத்தாளர்களின் புனைவுக்கு 2018 முதல் 2024 வரை தரப்பட்ட ஜேசிபி பரிசு 25 லட்சம் ரூபாயாக இருந்தது. 2023-இல் அது பெருமாள்முருகன் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குத்தான் கிடைத்தது.

பரிசுப் பணத்தில் பாதி? விருது ஆசிரியருக்குத் தரப்படுவது. நூல் விற்று வரும் பணம்தான் அந்த வரியில் சொல்லும் வருமானம் என்பது என் கருத்து. ஒரு வாதத்துக்குக்கூட இடம் கொடுக்காமலிருக்க, இரண்டாம் பதிப்புக்குப் புது ஒப்பந்தம் போடும்போது "விருதுத் தொகை முழுவதும் ஆசிரியருக்கே" என்று எழுதிவிடுங்கள். வாய்வார்த்தையாகப் பாதி தருகிறேன் என்று எங்கேயும் சொல்லிவிடாதீர்கள்.

ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் இலவசம். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை பைசா வாங்காமல் தருகிறது. உங்களிடம் 3,500 வாங்கியது அநியாயம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், அந்தக் காலம் தாண்டிவிட்டது. இதற்காக அலைய வேண்டாம். அந்த ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்; ஆட்சேபணையில்லாக் கடிதம் பேசும்போது எதிரே எடுத்து வைக்க உதவும். புத்தகத்தில் போட்டிருக்கும் எண் உங்கள் நூலின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்றும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரே எண்ணை இரண்டு நூலுக்குப் போட்ட கதையை நான் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் கோபம்

உங்கள் மாமாவுக்குச் சட்டப்படி வழக்குப் போட இடமிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். நாவல் என்று அட்டையில் போட்டதாலேயே அவதூறு வழக்கு வராது என்று சொல்ல முடியாது. இறந்தவரைப் பற்றி, குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால் அதுவும் அவதூறில் வரலாம். உங்கள் நாவலில் கங்காணித் தாத்தாவின் பெயரை மாற்றியிருக்கிறீர்கள், தோட்டத்தின் பெயரையும் மாற்றியிருக்கிறீர்கள், அவரைக் கெட்டவராகவும் காட்டவில்லை. மாமா வழக்குக்குப் போகும் ஆளாகவும் தெரியவில்லை. அவருக்கு நோட்டீஸ் பதில் தயாரிப்பதைவிட, அம்மாவை முன்னால் விட்டு நீங்களும் கூடப் போய், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் இன்னும் படிக்கவில்லை, யாரோ சொன்னதைத்தான் கேட்டிருக்கிறார் என்று உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது

பதிப்பாளருக்குப் பதிவுத் தபால் இந்த வாரமே போகட்டும். எழுதத் தயக்கமாக இருந்தால் உதகை நீதிமன்றத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகள், வாட்ஸ்அப் படங்கள், திருத்திய தாள்கள், நாவலின் ஒரு பிரதி, எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

பதிப்பாளரை முறித்துக்கொள்ள வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், 2027 நவம்பர் வரை நல்ல முகமாகவே இருங்கள் என்பேன். அவரும் அந்தத் தில்லி ஆளிடம் ஏமாந்தவராக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: "விருதுக்கு நானே நேரடியாக அனுப்பிக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "சரிம்மா, அனுப்புங்க" என்று சொல்கிறாரா, கோபப்படுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம், கட்டிலுக்கடியில் இருக்கும் பிரதிகள். நீங்கள் எனக்கு அனுப்பிய பிரதியில் முதுகுப் பக்கம் ஈரத்தில் உப்பி, கடைசி இருபது பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது பூஞ்சை வாடை. ஐப்பசி கார்த்திகை மழை கோத்தகிரியை எப்படிப் பிழியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கெடாத பத்துப் பிரதியைப் பொறுக்கி, பாலிதீன் உறையில் சுற்றி, தரையிலிருந்து தள்ளி அடுப்படிப் பக்கம் மேல் அலமாரியில் வையுங்கள். அறிவிப்பு வந்ததும் அனுப்ப வேண்டியவை அவைதான்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர், உதகை